படத்தில் கிடந்த பனி

இன்று இங்கே நோர்வேயில், பல் டொக்டரின் காத்திருப்பறைச் சுவரில் ஒரு பழைய அமெரிக்க ஓவியம். வெள்ளை வெளேரென்று பருத்தித் தோட்டம், குனிந்து பருத்தி பறிக்கும் கறுப்பு அடிமைகள்.

பக்கத்தில் ஒரு தமிழ்ச் சிறுமி தகப்பனைக் கேட்டாள்: "அப்பா, இவ்வளவு ஸ்னோவுக்கை ஏன் இவையள் ஜாக்கெட் போடேல்லை?"

அவர் கைத்தொலைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "அவைக்குப் பழகீட்டுது."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது ஸ்னோ இல்லை பிள்ளை, பருத்தி. அவையளை அடிமையளா வைச்சு வேலை வாங்கினவங்கள். அது ஒருத்தருக்கும் பழகாது" என்றேன். தகப்பன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

பல்லைக் காட்டிவிட்டு வந்து, வீட்டுக்குப் போக புருசெத் என்ற இடத்துப் பஸ் தரிப்பில் நின்றேன். ஒரு நோர்வே அம்மா "குளிருதா?" என்று கேட்டார். இந்தக் கிழமை என்னைப் பற்றி விசாரித்த முதல் ஆள்.

"இல்லை, பழகிவிட்டது" என்றேன். எங்கள் பேச்சு அதோடு முடிந்தது.

வீட்டுக்குள் ஜாக்கெட்டைக் கழற்றாமல் இருந்து எழுதுகிறேன். உங்களில் ஆருக்காவது உண்மையாகவே பழகிவிட்டதா?