மேசைக்கு அடியில் ஒரு பாடம்

"இந்தத் தவணை என்ன படிப்பிக்கிறீங்கள்?"

மகளின் பள்ளி அலுவலகத்தில் நான் இப்படிக் கேட்டதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்தார். "தவணை எல்லாம் கட்டியாச்சே மேடம். உங்களுக்கு பெண்டிங் எதுவும் இல்லையே" என்றார். நான் விசாரித்தது பாடத்தை. அவர் காதில் விழுந்தது கட்டணம். பள்ளி ஆண்டை மூன்றாகப் பிரித்தால் வரும் ஒவ்வொரு பகுதியையும் எங்கள் ஊரில் தவணை என்போம். இங்கே அது டெர்ம். புத்தக அட்டையில் மட்டும் பருவம். ஒன்பது வருடமாக இது எனக்குத் தெரியும். ஆனாலும் களைத்துப் போயிருக்கும் வேளையில் வாய் முதலில் எடுப்பது பழைய சொல்லைத்தான். திருத்திக் கேட்கத் தெம்பில்லாமல், "சரி, நன்றி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் உங்களுக்கும், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் பனிக்குள் வேலைக்கு ஓடும் உங்களுக்கும் இது சிரிப்பாக இருக்கும். "உனக்கென்ன, தமிழ் கதைக்கிற இடத்திலை இருக்கிறாய்" என்று தொலைபேசியில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள். உண்மைதான். தோஹாவில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்த தாம்பரத்துக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள் நான். புது மொழி படிக்க வேண்டியிருக்கவில்லை. சிரமமும் அங்கேதான் தொடங்கியது. மொழி தெரியாமல் வந்தவளை எந்த ஊரும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மொழி தெரிந்து வந்தவள் வசனத்துக்கு ஒரு சொல்லைத் தவறவிட்டால், "நீங்க கேரளாவா மேடம்?" என்று கேட்பார்கள். காய்கறிக் கடையில் கேட்டார்கள், ஆட்டோவில் கேட்டார்கள், மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது பக்கத்தில் நடந்த பெண் கேட்டார். முதல் வருடம் முழுக்க விளக்கம் சொன்னேன். பிறகு சில இடங்களில் ஆமாம் என்று சொல்லிவிடப் பழகினேன்.

மேடவாக்கத்தில் நான்காவது மாடியில் எங்கள் வீடு. கணவர் ஜெபராஜ் ஓஎம்ஆர் சாலையில் உள்ள அலுவலகத்துக்குப் போகிறார். நான் எதிர்த் திசையில் தாம்பரத்துக்குப் பேருந்து பிடித்து, அங்கிருந்து மின்சார ரயிலில் பொத்தேரி போய், ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். திரும்பி வரும்போது கால் இரண்டும் என்னுடையவை இல்லை. செருப்பைக் கழற்றும் முன்பே வகுப்புக் குழுவில் வாட்ஸ்அப் செய்தி வந்து நிற்கும். அன்றைக்கும் வந்திருந்தது. மூன்றாம் வகுப்பின் இந்தப் பருவத்துக்குரிய பாடப் பட்டியல். கணிதத்தில் கடிகாரம் பார்த்தல், நாலாம் வாய்ப்பாடு முதல் ஒன்பதாம் வாய்ப்பாடு வரை. தமிழில் ஒருமை பன்மை. சூழ்நிலையியலில் நீர் ஆதாரங்கள். இந்த நீர்ப் பாடத்தில் மகள் ஜெனிக்கு ஏற்கெனவே ஒரு சிவப்புச் சுழி கிடைத்திருந்தது. உன் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு 'லாரி' என்று எழுதியிருந்தாள். ஆறு, ஏரி, கிணறு என்று எழுத வேண்டுமாம். எட்டு வயதுவரை அவள் பார்த்ததெல்லாம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் லாரியைத்தான். பட்டியலின் கடைசி வரியை நான் சரியாகக் கவனிக்கவில்லை. பாதுகாப்புப் பயிற்சி என்று போட்டிருந்தது.

கவனித்தது இரண்டு நாள் கழித்து. நான் தேநீருடன் உட்கார்ந்திருக்க, ஜெனி, "அம்மா, மிஸ் இன்னைக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க, பாரேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் நுழைந்தாள். "ட்ராப், கவர், ஹோல்ட்" என்று பாட்டு மாதிரிச் சொல்லிக்கொண்டு, முழங்காலில் குந்தி, ஒரு கையைப் பின்கழுத்தில் வைத்து, மறு கையால் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டாள். "எர்த்க்வேக் வந்து பூமி ஆடுனா இப்படித்தான் இருக்கணும். பெல் நிக்கிற வரைக்கும் அசையக் கூடாது."

தேநீரை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. நானும் மேசைக்கு அடியில் போய்விட்டேன்.

"உப்பிடி இல்லையம்மா. குப்புறப் படு. நெஞ்சு நிலத்திலை முட்டக் கூடாது, முழங்கையை ஊண்டிக்கொள். ரெண்டு காதுக்குள்ளயும் விரலை வை. வாயைத் திற."

"வாய எதுக்குத் திறக்கணும்?"

"திறந்திருந்தால்தான் காது வெடிக்காது."

அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல் ஜெனி படுத்தாள். ஒரு தடவை சொன்னதும் அப்படியே செய்தாள். இதில் எனக்குப் பெருமை வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

இதை நான் படித்தபோது எனக்கும் அவள் வயதுதான். எனக்கும் மூன்றாம் வகுப்பு. எங்கள் ரீச்சர் கழுத்தில் ஒரு விசிலைக் கட்டியிருந்தார். ஒரு நீண்ட ஊதல் என்றால் பின்வளவுக்கு ஓடி மாமரங்களுக்குக் கீழே படுக்க வேண்டும். இரண்டு ஊதல் என்றால் நேரமில்லை, இருந்த இடத்திலேயே படுக்க வேண்டும். அந்தத் தவணை நாங்கள் பாட்டும் படித்தோம், கழித்தலில் கடன் வாங்கவும் படித்தோம். ஆனால் எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு வந்தது இந்தப் படுக்கிற பாடத்துக்குத்தான். என் அருகில் இருந்த சுகந்திக்கு மட்டும் வரவில்லை. பள்ளிக்குப் பின்னால் இருந்த வீதியில் குண்டு விழுந்த அன்று, அவள் பயத்தில் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். காதிலிருந்து விரலையும் எடுத்துவிட்டாள். எழும்பி மண்ணைத் தட்டும்போது நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வகுப்பில் எப்போதும் இடதுபக்க ஓரத்தில், வலது காது ரீச்சரைப் பார்க்கும்படி உட்கார்ந்தாள். இப்போது பாரிஸில் இருக்கிறாள். தொலைபேசி எடுத்தால், "பொறடி, மற்றக் காதிலை வைக்கிறன்" என்றுதான் இன்றைக்கும் தொடங்குவாள்.

ஒரு வாரம் கழித்து ஜெனியின் டைரியில் அவளுடைய வகுப்பாசிரியை எஸ்தர் மிஸ் எழுதி அனுப்பினார். வந்து பார்க்கவும். நூலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். எஸ்தர் மிஸ் என்னைவிட இளையவர். நல்ல மனுசி. குரலை உயர்த்தாதவர். பிள்ளைகள் விளையாட்டு வகுப்புக்குப் போயிருக்க, காலி வகுப்பறையில் சின்ன நாற்காலிகளில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"ட்ரில் அப்போ ஜெனி குப்புற படுத்துட்டா மேடம். மயக்கம்னு நினைச்சு நான் பயந்துட்டேன். அவளைப் பார்த்துப் பக்கத்துல ரெண்டு பசங்களும் படுத்துட்டாங்க. எழுந்திருன்னா, எங்கம்மா சொன்னதுதான் கரெக்ட்டுன்னு சொல்றா. வீட்ல ஏதாவது யோகா சொல்லிக் குடுக்கிறீங்களா?"

"இல்லை மிஸ். அது பொம்மருக்குச் செய்யிறது."

"பொம்மையா?"

"பொம்மர். குண்டு போடுற பிளேன்."

எஸ்தர் மிஸ் என் முகத்தையே பார்த்தார். நான் எங்கிருந்து வந்தவள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்த அந்த விஷயம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். "சாரி மேடம்" என்றார். எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் மேசை மேலிருந்த சாக்பீஸ் துண்டுகளை ஒன்றாகக் கூட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊர்ல அது சரியா இருந்திருக்கும். இங்க பில்டிங் ஆடுச்சுன்னா மேலேர்ந்துதான் விழும். ஃபேன் விழும், செங்கல் விழும். அவ டெஸ்க் கீழ போகாம வெளிய படுத்திருந்தா அவ மேலதான் விழும். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. நீங்கதான் மாத்திச் சொல்லணும்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் என்னைச் சோர்வடையச் செய்தது. சண்டை போட ஒரு இடமாவது இருந்திருக்கலாம்.

வெளிவாசல் மரத்தடியில் பள்ளி ஆயா கன்னியம்மா உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மிஸ்ஸு எதுனா சொன்னாங்களா? குந்து கொஞ்சம்" என்று பக்கத்தில் இடம் காட்டினார். ஆற்றோரத்துக் குடிசையில் இருந்த அவரை அரசாங்கம் பெரும்பாக்கம் குடியிருப்பில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. எட்டாவது மாடி. நடந்ததைச் சொன்னேன். ஆச்சரியப்படாமல் கேட்டார்.

"எம் பொண்ணும் அப்டித்தான். அங்க ஆத்துல தண்ணி ஏறுச்சுன்னா நோட்டு புக்க தலைல வெச்சிகினு மேட்டு மேல ஏறணும்னு பழக்கி வெச்சிருந்தேன். இப்ப எட்டாவது மாடில கீறோம். மழை பேஞ்சா இன்னமும் நோட்ட எட்த்துகினு வாசல்ல வந்து நிக்குது. இன்னா பண்றது, பழக்கி வுட்டாச்சு."

 பிறகு எழுந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். ஊரை விட்டு வந்தவர்கள் என்றால் கடல் கடந்தவர்கள் என்றே இதுவரை நினைத்திருந்தேன். பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி வந்தவரும் அதே சுமையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பாடு ஆனதும், ஜெனியை மேசைக்கு அடியில் கூப்பிட்டேன். ஜெபராஜ் தானும் வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவரிடம் இதையெல்லாம் நான் முழுதாகச் சொன்னதில்லை. கேட்டால் சொல்லுவேன் என்று நானும், சொன்னால் கேட்கலாம் என்று அவரும் இத்தனை வருடம் இருந்துவிட்டோம். அவர் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் வரவே இல்லை.

"மிஸ் சொன்ன மாதிரிச் செய்" என்றேன் மகளிடம்.

"அப்போ நீ சொன்னது தப்பா?"

"தப்பில்லை. அது வேற இடத்துக்கு."

"எந்த இடத்துக்கு?"

"நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு. அங்க மேலாலை பிளேன் வரும். குண்டு போடும். மேசைக்குக் கீழ இருந்து பிரயோசனம் இல்லை. அதாலை படுப்பம்."

ஜெனி யோசித்தாள். நான் பயந்த கேள்வி எதுவும் வரவில்லை. "அதுக்கு டெஸ்ட் வைப்பாங்களா?" என்று கேட்டாள்.

"வைப்பினம்."

"நீ பாஸா?"

"ஓம்."

"எல்லாருமா?"

நான் அவளுடைய கையை எடுத்து மேசைக் காலில் வைத்தேன். "இறுக்கிப் பிடி" என்றேன். "இனி இதுதான் சரி. அம்மா சொன்னதை மறந்துவிடு." இந்த வசனத்துக்கு வர எனக்கு இவ்வளவு நேரம் எடுத்தது. என் உயிரைக் காப்பாற்றிய பாடம் என் பிள்ளைக்கு ஆபத்து என்று நானே என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைக்கு என்று நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சாமான்கள் குறைவு. அதிலும் ஒன்றை இப்படித் திருப்பி எடுத்துக்கொண்டேன். ஐந்து தடவை செய்வித்தேன். ஐந்து தடவையும் சரியாகச் செய்தாள்.

பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை பயிற்சியைப் பார்க்கப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். தாழ்வாரத்தில் ஜன்னலோரமாக நின்றோம். என் பக்கத்தில் நின்ற ஒரு அப்பா கைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. விடாமல் அடித்தது. நாற்பது பிள்ளைகளும் ஒரே வேகத்தில் மேசைகளுக்கு அடியில் மறைந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.  "என்ன மேடம், ஓகேவா?" என்று அந்த அப்பா கேட்டார். "வெயில்" என்றேன். நாங்கள் நின்ற இடத்தில் வெயில் இருக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் ஜெனி தெரிந்தாள். மேசைக்குக் கீழேதான் இருந்தாள். முழங்காலில் குந்தி, வலது கையால் மேசைக் காலைப் பிடித்திருந்தாள். இடது கை பின்கழுத்தில் இருக்க வேண்டும். அந்தக் கையின் விரல் காதுக்குள் இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எஸ்தர் மிஸ் வரிசைக்கு வரிசை குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். அவளருகில் நின்றார். ஜன்னல் பக்கம் திரும்பி என்னைத் தேடினார். பிறகு அவளைத் திருத்தாமல் அடுத்த வரிசைக்குப் போனார்.

மணி நின்றது. மற்றப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஜெனி வரவில்லை. விரலைக் காதிலிருந்து எடுக்காமல் மேசைக்கு அடியிலிருந்தபடியே ஜன்னலைப் பார்த்தாள், வரலாமா என்று கேட்பதுபோல. சத்தம் நின்ற பிறகும் நூறுவரை எண்ணிவிட்டுத்தான் நாங்கள் அங்கே எழும்புவோம். விமானம் சில வேளை திரும்பி வரும். இங்கே மணி நின்றால் எழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான். நான் அவளைப் பார்த்து, வா என்று தலையை ஆட்டினேன். அவள் எழுந்து ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டாள். சுவரிலிருந்து கையை எடுக்காமல் நான் அங்கேயே நின்றேன். எனக்குள் எண்ணிக்கை அப்போது முப்பதைத்தான் தாண்டியிருந்தது.