புகைபோக்கிச் சுவர்

கலாவதி கோயமுத்தூரில் சிவில் இன்ஜினியரிங் படித்தவள். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தாள்; கணவனோடு ஒட்டி வந்த விசாவில் வேலைக்குப் போக முடியாது. படித்ததெல்லாம் பெட்டியிலேயே கிடந்தது.

தொண்ணூற்றேழு குளிர்காலத்தில் கணவன் பசுபதி ஒரு பழைய கல்வீடு வாங்கினான். இருநூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து வந்த குடியானவர்கள் கட்டியது. இரண்டடி கனச் சுவர், சுண்ணாம்புக் காரை, உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கற்கள். பெரிய அடுப்பும் புகைபோக்கியும் ஒரு பக்கச் சுவரோடு சுவராக எழும்பி, மாடி உத்திரங்களைத் தாங்கின. கலாவதி அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் மனசாரச் சிரித்தாள்.

குடிபோகும் முன் வாஸ்து பார்க்க பக்கத்து ஊரான எடிசனிலிருந்து கஸ்தூரிரங்கன் அங்கிள் வந்தார். வெளியே பனி, வானமெல்லாம் மேகம். மனுஷர் வெளியே கால் வைக்காமல், அடுப்புக்குள் இருந்த இரும்பு ஸ்டவ்வின் மேல் காம்பஸை வைத்தார். வாசல் தெற்கு, ஆகாது என்றார். புகைபோக்கிச் சுவர்தான் கிழக்கு, அதை உடைத்து வாசல் வைக்க வேண்டுமாம். பசுபதி உடனே கான்ட்ராக்டருக்கு போன் போடக் கிளம்பினான்.

இரும்பு மேல் வைத்தால் முள் பொய் சொல்லும், அந்தச் சுவரை உடைத்தால் மாடியே தலையில் இறங்கும் என்றாள் கலாவதி.

"அங்கிள் எத்தனை வீடு பார்த்தவர் தெரியுமா? நீ போய் காபி போடு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருஷம் படித்தது இதற்கா? காம்பஸை எடுத்துக்கொண்டு, சாக்ஸோடு பனியில் இறங்கி, வாசலுக்கு நேரே தள்ளி நின்று இருவரையும் கூப்பிட்டாள். முள் ஆடி நின்றது. வாசல் சுத்தமான கிழக்கு. புகைபோக்கிச் சுவர் வடக்கு.

அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு, தமக்கும் ஒரு டவுட் இருந்தது என்றார்.

கிரகப்பிரவேசத்தன்று அவருக்குப் பட்டு வேட்டி. அங்கிள் சரியாகப் பார்த்துச் சொன்னதால்தான் சுவர் தப்பித்தது என்று வந்தவர்களிடமெல்லாம் பசுபதி பெருமை பேசினான். காபி ட்ரேயோடு நின்ற கலாவதி அதைக் கேட்டாள். நேராகப் போய் ட்ரேயை அவன் கையில் கொடுத்தாள்.

"சுவரைக் காப்பாத்துனது நானுங்க. அங்கிளுக்கு நீங்களே காபி குடுங்க. எனக்கு மாடில உத்திரம் பார்க்கிற வேலை இருக்கு."

எல்லோரும் பார்க்க, படியேறிப் போனாள்.