செட்டில் லா

என் பழைய காரில் இஞ்சின் விளக்கு மஞ்சளாக எரியும்போதெல்லாம் கிள்ளானில் இருக்கும் ஒரு பட்டறைக்குத்தான் ஓடுவேன். அங்கே கார் பழுதுபார்க்கும் போமேன் என்னைத் தங்கச்சி என்றே கூப்பிடுவார். கம்ப்யூட்டரைச் சொருகி விளக்கை அணைத்துவிட்டு, வேலை முடிந்தது என்பதுபோல் "செட்டில் லா" என்பார். திரும்பும் வழியில் ஷா ஆலம் தாண்டுவதற்குள் அது மறுபடி எரியும். கடைசித் தடவை மட்டும் அணைந்தது அணைந்ததுதான். இவரைப் போல ஆள் கிடைக்குமா என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸ் சிக்னலில் கார் குலுங்கி நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஹார்ன் காதைக் கிழித்தது. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆவதற்கு முன் எல்லா விளக்கும் ஒரு நொடி எரிந்து காட்ட வேண்டும். நல்ல காரிலும் அப்படித்தான். ஆயில் விளக்கு எரிந்தது, பேட்டரி விளக்கு எரிந்தது. இஞ்சின் விளக்கு இருக்கும் இடம் மட்டும் இருட்டாக இருந்தது.

காரை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பல்பக் கழட்டிட்டீங்களா?"

"ஆமா தங்கச்சி. லைட்டு எரியுது, லைட்டு எரியுதுன்னுதானே வந்து நின்னீங்க? இப்ப எரியுதா?"

"அப்ப இஞ்சின்?"

"இஞ்சினப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே."

குரலில் கூச்சம் துளியும் இல்லை. உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி காரிலும் இப்படித்தான் செய்வீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "செட்டில் லா" என்று போனை வைத்துவிட்டார்.