குலம் மாமாவும் பாதியில் நிற்கும் இறுதியாட்டமும்

இந்த நினைவுமலரில் நான் எழுதுவது பொருத்தமில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முன்பக்கங்களில் எழுதியிருப்பவர்கள் குலம் மாமாவுடன் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஜெர்மனியில் அவருடன் ஒரே அறையில் தங்கித் தரைக்கு மாபிள் பதித்தவர்கள், கோயில் நிர்வாகசபையில் அவருடன் சேர்ந்து இருந்து, அவருடன் சேர்ந்தே கோபித்துக்கொண்டு விலகியவர்கள். நான் பக்கத்து வீட்டுப் பெண். கிங்ஸ்பரியில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்த உறவுதான்.

எழுதச் சொன்னது மாமி. "நீதானே பிள்ளை பட்டம் எடுத்தனி, ரெண்டு பக்கம் எழுதித் தா" என்றார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான் என்பதால், கவுன்சில் கடிதம் முதல் கலியாண வாழ்த்து வரைக்கும் எல்லாம் என்னிடம்தான் வரும். நான் படித்தது புள்ளிவிபரவியல் என்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆகவே மாமாவின் சமூகத் தொண்டைப் பற்றியெல்லாம் என்னால் எழுத முடியாது. எனக்குத் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்ட கை காயக் காய சோபாவில் இருந்து அமெரிக்கக் கால்பந்து விளையாடிய குலம் மாமாவை மட்டும்தான்.

செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். அம்மா வேலை நேரத்தில் ஒருநாளும் அழைப்பதில்லை. தொலைபேசியில் அவருடைய பெயரைப் பார்த்ததுமே எழுந்து வெளியே போனேன்.

"பிள்ளை, குலம் அண்ணை மோசம் போயிட்டார். காலமை நெஞ்சு நோகுதெண்டவராம். அம்புலன்ஸ் வர முதலே எல்லாம் முடிஞ்சுதாம்."

"மச் பாதியில நிக்குதே அம்மா" என்றேன்.

அம்மா, "நீ தண்ணி குடிச்சிட்டு வீட்டை வா" என்றார். அதிர்ச்சியில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் நான் சொன்னது முழு உண்மை. அதற்கு முந்திய ஞாயிறு, பல வருடத் தோல்விகளுக்குப் பிறகு, வீடியோ விளையாட்டில் மாமாவின் அணி முதன்முதலாக இறுதியாட்டத்துக்கு வந்திருந்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது பாரிஸிலிருந்து வந்த உறவினர்கள் கதவைத் தட்டினார்கள். மாமா ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்து, "மிச்சத்தை வாற ஞாயிறு பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சட்டை மாற்றினார்.

அந்தப் பெட்டி இன்னும் அணைக்கப்படவில்லை. செத்தவீடு என்பதால் முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடியும்வரை ரீவி போடக்கூடாது. ஆனால் மாமாவின் படத்துக்கும் குத்துவிளக்குக்கும் பின்னால், ரீவிக்குக் கீழே, அந்த விளையாட்டுப் பெட்டியின் சின்ன மஞ்சள் வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கிறது. யாரோ ஒருவர் தன் தொலைபேசியை மின்னேற்ற அதன் பிளக்கில் கை வைத்தபோது, அதுவரை யாருடனும் பேசாமல் இருந்த மாமி, "அதை விடும். அவர் இன்னும் விளையாடி முடிக்கேல்லை" என்றார். மஞ்செஸ்டரில் இருக்கும் மகன் கஜன், அன்றைய அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் பெட்டியைத் தன்னுடன் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறான். பிளக்கைக் கழற்றினால் பாதி ஆட்டம் போய்விடும். இதுதான் நிலைமை. மாமாவை அறிந்தவர்களுக்கு இதன் பாரம் விளங்கும்.

பெட்டி கஜனுடையது. அவன் வேலைக்காக மஞ்செஸ்டர் போனபோது நல்ல விளையாட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, யாருக்கும் வேண்டாத இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனான். மாமாவுக்கு அப்போதுதான் முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. வெளியே போக முடியாது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு, "பிடி, பிடி, விடாதை, ஐயோ விட்டிட்டான்" என்று கேட்கத் தொடங்கியது. வீட்டுக்குள் கள்ளன் வந்துவிட்டான் என்று அம்மா நினைத்தார். ஒரு தட்டில் கொழுக்கட்டையை வைத்து, பார்த்துவரும்படி என்னை அனுப்பினார். கள்ளன் இருக்கும் வீட்டுக்கு மகளைக் கொழுக்கட்டையுடன் அனுப்பியது ஏன் என்று பிறகு கேட்டேன். "தட்டு எங்கை?" என்றார்.

மாமா திரும்பியும் பார்க்கவில்லை. தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இரண்டாவது விளையாட்டுக் கருவியை என் கையில் தந்தார். "இதைப் பிடி பிள்ளை. நான் எறிவன், நீ ஓடிப்போய்ப் பிடி." எதை, எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திராது. இருவருக்கும் விதிகள் தெரியாது. முட்டை வடிவப் பந்து. தலைக்கவசம் போட்ட தடியன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். நாலு முயற்சிக்குள் பத்து யார்ட் தூரம் முன்னேறினால் பந்து எங்களிடமே இருக்கும். இவ்வளவையும் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு மாரிகாலம் போயிற்று.

ஆட்டத்தின் நடுவே நடுவர் சில சமயம் மஞ்சள் துணி ஒன்றை வீசுவார். அதைப் பார்த்ததும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியே பிள்ளை, பொன்னாடை." எங்கள் ஆட்கள் விழாவுக்கு விழா ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்துவதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு அது இயல்பாகவே பட்டது. நன்றாக விளையாடியவருக்கு மரியாதை செய்கிறார்கள். ஒரு முழுப் பருவம், மஞ்சள் துணி விழும்போதெல்லாம் நாங்கள் இருவரும் கைதட்டினோம். நிறையப் பொன்னாடை வாங்கிய நாட்களில் மாமா மிகவும் சந்தோஷமாக இருப்பார். கடைசியில் பின்னாலிருந்து மாமிதான் கேட்டார்: "பொன்னாடை போத்தினால் ஏனப்பா ஒவ்வொருமுறையும் பின்னுக்குப் போறீங்கள்?" தவறு செய்தவருக்குத்தான் அந்தத் துணி என்று அன்றைக்குத் தெரிந்தது. மாமா சற்று யோசித்துவிட்டு, "எங்கட விழாக்களிலயும் உதுதானே நடக்குது" என்றார்.

இனி எழுதப்போவது, இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். அந்த விளையாட்டில் வீரர்களின் பெயர்களை நாம் விரும்பியபடி மாற்றலாம். மாமா தன் அணிக்குக் கிங்ஸ்பரி என்று பெயர் வைத்து, வீரர்களுக்கு உங்கள் பெயர்களை வைத்தார். கோயில் பொருளாளர் சண்முகநாதன் அங்கிள் அந்த அணியில் மின்னல் வேகத்தில் ஓடுகிற இளைஞர். நிஜத்தில் அவர் தேர் இழுக்கும்போதே இடையில் உட்காரக் கதிரை கேட்பவர் என்பது வேறு விஷயம். பந்து பிடிப்பது என் பொறுப்பு என்பதால், பல ஞாயிற்றுக்கிழமைகளை நான் சண்முகநாதன் அங்கிளாகவே கழித்திருக்கிறேன்.

யாராவது மாமாவின் மனத்தை நோகடித்தால், அவர் சண்டைக்குப் போகமாட்டார். அந்த ஆளை வேறு அணிக்கு விற்றுவிடுவார். மாமியின் தம்பி ரவி ஹரோவில் வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது, குடிபூரலுக்கு வீட்டுக்கு வந்து சொல்லாமல் தொலைபேசியில் செய்தி அனுப்பி அழைத்தார். மாமா குடிபூரலுக்குப் போனார், நன்றாகச் சாப்பிட்டார், புதுச் சமையலறையைப் புகழ்ந்தார். திரும்பி வந்து பெட்டியைப் போட்டார். "ரவியை வித்துப்போட்டன். பனி கொட்டுற ஊர் ஒண்டுக்கு. கொஞ்சம் குளிரட்டும்."

மாமிக்கு இது தெரிந்த அன்றிலிருந்து மாமாவின் தேநீரில் சீனி இல்லை. சில நாட்களில் ரவி அணிக்குத் திரும்பினார். ஆனால் அவரைத் திருப்பி எடுக்க நல்ல தடுப்பாட்டக்காரர்கள் இருவரைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பருவம் முழுவதும் நாங்கள் தோற்றோம். "சீதனம் குடுத்தும் மச்சான் வேணுமெண்டால் இப்பிடித்தான்" என்றார் மாமா.

போகப் போக இது ஊருக்கே தெரிந்துவிட்டது. கலியாண மண்டபங்களில் பெரிய மனிதர்கள் மாமாவின் அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, "குலம், நான் இப்ப எந்த ஊரில நிக்கிறன்?" என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன்.

ஒருமுறை நான் துணிந்து, "மாமியையும் அணியில போடுங்கோவன்" என்றேன். மாமா ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "விசரே பிள்ளை உனக்கு? நாலு தடியன்கள் வந்து மேல விழுவாங்கள். ஆரும் அவளை விழுத்திறதை நான் பாத்துக்கொண்டிருக்க ஏலுமே?" சாப்பாட்டு மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியின் கத்தி சற்று நேரம் நின்றது.

ஆனால் எங்கள் தோல்விகளுக்கு முதற்காரணம் ரவி அல்ல. மூன்று முயற்சியில் முடியவில்லை என்றால், நாலாவதில் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவதுதான் அந்த விளையாட்டின் வழக்கம். திரையே அப்படித்தான் ஆலோசனை சொல்லும். மாமா ஒருநாளும் உதைக்கவில்லை. "பந்து எங்கட. நாங்களே ஏன் தூக்கி அவங்களிட்டைக் குடுக்க வேணும்?" எங்கள் எல்லைக் கோட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு நாலாவதிலும் எறிவார். எதிரணி அங்கேயே பந்தைப் பறித்து, இரண்டடி நடந்து புள்ளி எடுக்கும். மாமா எழுந்து நின்று, "கெட்டிக்காரர்தான்" என்று திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி உட்காருவார். நான் படித்த படிப்பைக் கொண்டு, உதைப்பதே நல்லது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். "நல்ல கணக்குப் பிள்ளை" என்றார். பிறகு எறிந்தார்.

எங்களை மாற்றியது மாமி. அவர் ரீவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மரக்கறி வெட்டியபடி, "இடப்பக்கம் வெளியாக் கிடக்கு, எறியுங்கோ" என்பார். திரும்பியும் பார்க்காதவர் சொல்வதை யார் கேட்பது? கடைசியில் ஒருநாள் மாமா இடப்பக்கம் எறிந்தார். அங்கே எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. "உன்ர சொல்லைக் கேட்டு..." என்று தொடங்கினார். மாமியும் விடவில்லை. அந்த வாக்குவாதத்தில்தான் விஷயம் வெளிவந்தது. மாமிக்கு எதிரே பீங்கான் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலுமாரி இருந்தது. வருடக்கணக்காக அவர் எல்லா ஆட்டங்களையும் அந்தக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். அவருக்கு இடம் என்றால் எங்களுக்கு வலம்.

அதன் பிறகு மாமி இடம் என்றால் மாமா வலத்துக்கு எறிந்தார், நான் பிடித்தேன், நாங்கள் வெல்லத் தொடங்கினோம். "திரும்பி இருந்து பாரன்" என்று மாமா எத்தனையோ தரம் கேட்டார். "எனக்கு வேலை கிடக்கு" என்பதே மாமியின் பதில். அப்படித்தான் இறுதியாட்டம் வரை வந்தோம்.

எட்டாம் நாள் படையலில் மாமாவுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். மீன் பொரியல், நண்டுக் கறி, அவருடைய ஜெர்மன் பியர். மாமாவின் அக்கா அவருடைய விளையாட்டுக் கருவியைக் கொண்டுவந்து, "இதையும் வைப்பமே?" என்று கேட்டார். வைக்கலாமா கூடாதா என்று பெரியவர்கள் வெகுநேரம் ஆராய்ந்தார்கள். "வைக்கிறதெண்டால் பற்றரியைப் பாத்து வையுங்கோ" என்று ரவி அழுதுகொண்டே சொன்னார். மாமி எழுந்து வந்து அதை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, தன் மடியில் வைத்துக்கொண்டார். "கறி பட்டிடும்" என்றார். படையல் முடியும்வரை அது அங்கேயே இருந்தது. அவருடைய பெருவிரல் சும்மா ஒரு பொத்தானை அமத்தி அமத்தி விட்டுக்கொண்டிருந்தது.

குலம் மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். சின்ன வயதிலிருந்து என்னைக் காண்பவர்கள் எல்லோரும், "ஏன் பிள்ளை கதைக்கிறேல்லை?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு இருந்த கொஞ்சப் பேச்சும் போய்விடும். மாமா ஒருநாளும் அப்படிக் கேட்கவில்லை. கையில் ஒரு வேலையைத் தந்தார், பக்கத்தில் இடம் விட்டார். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒரு பெண் யாருடனும் பேசுவதில்லை. போன கிழமை நான் அவளிடம் ஒன்றும் கேட்காமல், கடதாசி சிக்கியிருந்த அச்சுப் பொறியின் ஒரு பக்கக் கதவைப் பிடிக்கச் சொன்னேன். இருவரும் கை கறுக்கக் கறுக்க நின்றோம். மத்தியானம் அவளாகவே வந்து என் மேசையில் சாப்பிட்டாள்.

இனி, நேரில் கேட்க வாய் வராததால் இங்கே எழுதுகிறேன். மாமி, முப்பத்தொன்று முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கஜனை அந்தப் பெட்டியைத் தொட விடாதேங்கோ. அண்டைக்கு நான் வாறன். நீங்கள் மாமா இருந்த பக்கம் இருங்கோ. மிச்சப் பாதியை நீங்கள் எறியுங்கோ, நான் ஓடிப்போய்ப் பிடிக்கிறன்.