சம்பத் சார் சொன்ன இன்னொரு உலகம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: நான், மாகறலில் இருந்து வந்த என் அண்ணன் கன்னியப்பன், சம்பந்தியம்மா, மருமகன் ஏகாம்பரம், காலேஜில் பிசிக்ஸ் எடுத்த சம்பத் சார்.

சார் இன்று காலை இறந்துபோய்விட்டார்.

அன்று என் மகள் சுந்தரிக்குப் பதினாறாம் நாள். தொண்ணூறுகளின் கடைசி. வயிற்றுவலி என்று காலையில் சுருண்டு படுத்தவளை ஏகாம்பரம் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். குடல்வால் வெடித்திருந்தது.

நான் என் ஊர் கூரத்திலிருந்து ஓடி வந்து ஏன்டா இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"சார் பொண்ணுக்கு முகூர்த்தச் சேல அத்தே. தறியில முந்தானைய கோத்துக்கினு இருந்தேன், பாதில எழுந்தா இழை தளந்துடும். சார் இன்னிக்கே வேணும்னுட்டாரு."

அந்த சார்தான் பதினாறாம் நாள் வந்து உட்கார்ந்தார். பிறகு...

"எங்க பிசிக்ஸ்ல ஒரே உலகம் இல்லைன்னு சொல்றாங்கம்மா. எண்ண முடியாத அளவு இருக்கலாமாம். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி நடக்கும். ஏதோ ஒண்ணுல சுந்தரி நல்லா இருப்பா."

ஏகாம்பரம் நிமிர்ந்தான். "அப்போ அங்க நான் காலையிலயே தறிய வுட்டு எழுந்திருப்பேன், இல்ல சார்?"

சார் தலையாட்டினார்.

"அங்க எழுந்தவனுக்கு இங்க கால் இல்லையா?" என்றேன்.

"கம்முனு இரும்மா," என்றார் அண்ணன்.

ஏகாம்பரத்தின் முகம் தெளிந்துவிட்டது. இன்னொரு வடை கேட்டான். சம்பந்தியம்மா வைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் சார் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரே கிட்ட வந்தார்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. கணக்குல அப்படி ஒரு வழி தெரியுது, அவ்வளவுதான். பாத்தவங்க யாரும் இல்ல. என் புத்திக்கும் எட்டல. தெரியாத ஒண்ண உங்க வீட்ல வந்து ஆறுதல்னு சொல்லிட்டேன்."

"சேலைக்கு மட்டும் அவசரம் தெரிஞ்சுதா சார்?"

அவர் விழித்தார். "என்ன அவசரம்? கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருந்துதே. மெதுவா குடுத்தா போதும்னுதானே அவன்கிட்ட சொன்னேன்."

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

இன்று சாவு வீட்டுக்குப் போனேன். பந்தலில் அவன். இரண்டாம் பெண்டாட்டி பக்கத்தில். டீ கிளாஸோடு யாரிடமோ, "சார் இப்போ வேற உலகத்துல பாடம் எடுத்துக்கினு இருப்பாருபா," என்றான். அதே தெளிந்த முகம். த்தூ.

சார், தெரியாது என்று என் எதிரில் நின்று சொன்ன படித்தவர் நீங்கள் ஒருத்தர்தான். உங்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. போய் வாருங்கள்.

உலகம் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். அத்தனையிலும் நான் மன்னிக்க மாட்டாத ஆள் ஒருத்தன்தான்.

ஏகாம்பரம்.