காட்டு வாசலில் பதினோரு வருஷம்

காட்டைக் காக்கும் வேலை என்றால் புலியோடு மல்லுக்கட்டுவது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது பொழுதுக்கும் "கூடாதுங்க" என்று சொல்லும் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் வனக்காப்பாளராக இருக்கிறேன். பதினோரு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரி வார்டு வாசலில் நிற்பவர்களே, கோயில் வரிசையை ஒழுங்கு பண்ணுகிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

அமைதிக்கு ஒரு ஸ்பீக்கர்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருக்கும் ஒருவர் காலையிலேயே காரில் வந்து இறங்கினார். தூக்கமில்லை, எந்நேரமும் படபடப்பு. வாரத்தில் ஒரு நாள் மரங்களுக்கு நடுவே நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நல்ல டாக்டர். ஆனால் இவர் கையில் தேங்காய் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். எதற்கு என்று கேட்டேன். "தியான மியூசிக்மா. ஓடை ஓடுற சத்தம், குருவி கத்துற சத்தம் எல்லாம் ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கு" என்றார்.

இருபதடி தள்ளி ஓடை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரை வாங்கிச் சாவடியில் வைத்துக்கொண்டு ஆளை மட்டும் உள்ளே அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். முகத்தில் தெளிவு. ஆனாலும் ஒரு குறை: "ஒரிஜினல் நல்லாத்தான் இருக்கு. வால்யூம்தான் கொஞ்சம் கம்மி."

சுகருக்கு ஒரு கொடி

கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற சுகர்க்காரர் ஒருவருக்கு, காட்டில் உள்ள எல்லா இலையும் மருந்து. வாட்ஸப்பில் வந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதை எல்லாம் பறிப்பார். பறிக்கக் கூடாது என்று நான் சட்டம் சொன்னால், எனக்கே சட்டம் சொல்வார். அன்றைக்கு நான் ஓடிப் போய்த் தடுப்பதற்குள் வேலியோரத்துக் கொடி ஒன்றைக் கொத்தாக உருவிவிட்டார். செந்தட்டி. தொட்ட இடமெல்லாம் தீயாய் அரிக்கும்.

மனிதர் குதித்த குதியில் மரத்தில் இருந்த குரங்குகள் கீழே பார்த்தன. ஓடைத் தண்ணீரில் கையைக் கழுவச் சொல்லி, சாவடியில் இருந்த களிம்பைத் தடவிவிட்டு உட்கார வைத்தேன். கால் மணி நேரம் கையையே ஊதிக்கொண்டிருந்தார். பிறகு கையைச் சொறிந்தபடியே சொன்னார்: "எனக்குச் சுகர் இருக்குங்கிற நெனப்பே இல்லம்மா. மருந்து கேக்குதுன்னுதான் தோணுது."

உங்க யானை

வன்னியம்பட்டிக்காரர் ஒருவருக்கு அடிவாரத்தில் மாந்தோப்பு. ஒற்றை யானை ஒன்று வந்து வேலியைச் சாய்த்து, நாலு வருஷக் கன்றுகளை முறித்துவிட்டது. விடிந்ததும் சாவடி வாசலில் நின்று கத்தினார். "உங்க யானையைக் கட்டிப் போடுங்க, இல்லாட்டி நான் வேற மாதிரி பண்ணிருவேன்!" அந்த "வேற மாதிரி" எனக்குப் புரிந்தது. வேலியில் கரண்டைக் கொடுத்துவிடுவார். யானையும் போகும், இவரும் ஜெயிலுக்குப் போவார்.

அதனால் நானும் சாவடி ஆட்களும் ஒரு வாரம் அவர் தோப்பிலேயே கிடந்தோம். யானை இறங்காமல் இருக்கக் காட்டோரம் வெட்டிய அகழியில் தூர்ந்து போயிருந்த இடத்தை ஆள் வைத்துச் சரிசெய்தோம். அவரும் மண்வெட்டி எடுத்தார், திட்டிக்கொண்டேதான். யானை மேலே ஏறிப் போய்விட்டது. நான் நிம்மதியாக மூச்சு விட்ட ஐந்தாம் நாள் போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது: "மேடம், அது அஞ்சு நாளா இந்தப் பக்கமே வரல. அதுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அணில் சொன்னது

பங்குனி மத்தியானம். மலைச்சரிவில் புகை. நானும் வாட்சர் மாடசாமியும் இன்னும் மூன்று பேரும் ஏறினோம். மாடசாமி அடிவாரத்துப் பளியர் குடியிருப்பில் பிறந்தவர்; அவருக்கு இந்த மலை வீட்டுக் கொல்லை மாதிரி. பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடித்தோம். திடீரென்று காற்று திரும்பியது. கீழே ஓடையோர மருத மரங்களில் சாம்பல் அணில்களின் கூடுகள். பூனை அளவு இருக்கும் அந்த அணில். உலகத்திலேயே கொஞ்ச இடங்களில்தான் உண்டு. தீ அந்தப் பக்கம் இறங்கியது.

நான் கூடுகளையே பார்த்தபடி நின்றுவிட்டேன். "மேடம், கருகுன பக்கம் வாங்க!" என்று மாடசாமி, ஏற்கெனவே எரிந்து முடிந்த தரைக்கு என் கையைப் பிடித்து இழுத்தார். என் இடது புருவம் பொசுங்கியது. அவர் இழுத்திருக்காவிட்டால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பிறகு ஐந்து பேரும் ஓடைக்கு மேலே புல்லைச் செதுக்கி வெற்றுத் தரையாக்கினோம். சாயங்காலம் தீ அந்தக் கோட்டில் வந்து, தின்ன ஒன்றுமில்லாமல் படுத்துவிட்டது.

மருத மரத்தடியில் விழுந்து கிடந்தோம். மேலே கூட்டிலிருந்து ஓர் அணில் எட்டிப் பார்த்து விடாமல் கத்தியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாடசாமி அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நன்றி சொல்லுதுன்னு நெனைக்காதீக மேடம். எடத்தக் காலி பண்ணுங்கன்னு வையுது."

ஜோடிச் செருப்பு

ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்குள் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். பதிவேட்டில் ஓர் ஆள் குறைந்தது. இராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் தனியாக வந்த அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தேடிப் போனேன். ஓடை தேங்கும் தடாகத்துக் கரையில் ஜோடியாகக் கழற்றி வைத்த செருப்பு மட்டும் இருந்தது. கரையோரமாக ஓடினேன். தண்ணீரைப் பார்க்கிறேன், கூப்பிடுகிறேன், பதில் இல்லை. சுற்றி வந்தால் மரத்து வேருக்கு நடுவில் முந்தானையை விரித்துப் படுத்துக் கிடக்கிறார். "யக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

முப்பது வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவராம். மில்லை விட்டு நின்றபிறகு, மெஷின் சத்தமில்லாத வீட்டில் தூக்கமே பிடிக்கவில்லையாம். இங்கே ஓடை இரைந்துகொண்டே இருந்ததில் கண் சொக்கிவிட்டது. நான் தண்ணீரையும் செருப்பையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு புரிந்துகொண்டு என் கையைத் தட்டினார்: "பதறாத தாயி. இப்பத்தான் தூக்கமே வந்திருக்கு, இப்பப் போயி சாவேனா?"

ஊர்க்காரர்கள் தூக்கத்தைத் தேடி மலைக்கு வருகிறார்கள், மலையைக் காக்கிற நாங்கள் முட்டி வலிக்கு மருந்து தேடி ஊருக்குப் போகிறோம். டவுன் பஸ் மட்டும் போகும்போதும் வரும்போதும் நிறைந்தே ஓடுகிறது.