பிரதர் ஹோலிஸின் நான்கு குரல்கள்

ஹோலிஸ் ட்ராமெல் எங்கள் ஊரில் கிணற்று மோட்டார் பழுது பார்ப்பவர். நாற்பத்தேழு வயது. ஆறடிக்கு மேல் உயரம், ஆனால் காது மட்டும் இன்னும் பெரிய ஆளுக்காகச் செய்தது போல இருக்கும். திங்கள் முதல் சனி வரை யாருடைய மாட்டுப் பண்ணையிலாவது குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார். ஞாயிற்றுக்கிழமை காலர் பொத்தானைக் கழுத்து நெரிய மாட்டிக்கொண்டு சபைக்கு முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பார்.

எங்கள் சபையில் வாத்தியம் கிடையாது. பியானோ, ஆர்கன், கிட்டார் எதுவும் ஆகாது. மனுஷத் தொண்டை மட்டும்தான். நூற்றிருபது தொண்டைகள் நாலு பிரிவாகப் பாடும். அதனால் முதல் சுரத்தைக் கொடுக்கிற ஆள் முக்கியம். அவர் கொஞ்சம் மேலே எடுத்துவிட்டால் மூன்றாவது வரியில் பெண்கள் எல்லாரும் கதவிடுக்கில் வால் மாட்டிய பூனை மாதிரி கத்துவார்கள். மற்ற ஊர்களில் சுதி பார்க்க ஒரு சின்ன ஊதுகுழலைப் பையில் வைத்திருப்பார்கள். சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவரான பிரதர் ஓடெலுக்கு அதுவும் வாத்தியம், ஆகவே பாவம். பிரதர் ஹோலிஸுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. கண்ணை மூடுவார், ஒரு முறை முனகுவார், அவ்வளவுதான். சுரம் அங்கே காற்றில் மாட்டியிருந்த மாதிரியும் அவர் கையை நீட்டி எடுத்த மாதிரியும் இருக்கும்.

நான் டானெட். பதினாறு வயதுப் பெண். பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் என்னை இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது முறை நான் திரும்பிப் போகவில்லை. ஊரில் எது காணாமல் போனாலும், எது கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாலும், எல்லாரும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் பார்ப்பார்கள். இந்த விஷயத்தில் மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

என் பெரியப்பா மகன் கிளின்ட்டிடம் 'இமைக்குள் வானம்' என்று ஒரு இசைத்தட்டு இருக்கிறது. 1967-இல் டல்லாஸில் ஐந்து பையன்கள் போட்டது. வந்த புதிதில் யாரும் வாங்கவில்லை. ஐந்தாறு வருஷம் கழித்துத்தான் ஆட்கள் பைத்தியம் பிடித்தது போல அதைத் தேட ஆரம்பித்தார்கள். அதன் இரண்டாம் பக்கத்தில் நாலு நிமிஷம் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் நின்றுபோகும். தண்ணீருக்கடியில் கிழட்டுச் சாமியார்கள் கூட்டமாக முனகுவது போல ஒரு சத்தம் மட்டும் வரும். தலைக்குள் யாரோ மெதுவாக ஒரு கதவைத் திறக்கிற மாதிரி இருக்கும். அந்த நாலு நிமிஷத்தைக் கேட்ட பிறகு ஒஹாயோவிலிருந்து இங்கிலாந்து வரைக்கும் பேண்ட் வைத்திருந்தவன் எல்லாம் அப்படி ஒரு முனகல் இல்லாமல் தட்டுப் போடுவதில்லை என்றாகிவிட்டது. கிளின்ட் தன் கார் கொட்டகையில் வாளிக்குள் தலையை விட்டு முனகிப் பார்த்தான். மாடு செத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"அது திபெத்து லாமாங்க, டானி. ரகசியமா பதிவு பண்ணிக் கடத்திட்டு வந்தாங்களாம்."

"யாருடா சொன்னா?"

"பத்திரிகையில போட்டிருக்கான். நாலு வருஷமா விவாதம் நடக்குது. ஒருத்தன் திமிங்கலம்ங்கறான்."

பத்திரிகை என்றால் ஒஹாயோவில் லயல் என்று ஒருவன் தன் வீட்டுக் கீழறையில் உருட்டி அச்சடித்து அனுப்புகிற பன்னிரண்டு தாள்.

மார்ச் மாதம் ஒரு மதியம் கிளின்ட் கடைக்குப் போயிருந்தபோது, அவனை வெறுப்பேற்றுவதற்காகத் தட்டின் வேகத்தை நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றிலிருந்து நாற்பத்தைந்துக்கு ஏற்றிவிட்டேன். லாமாக்கள் அணில் மாதிரி கீச்சிடுவார்கள் என்று நினைத்தேன். கீச்சிடவில்லை. பிரதர் ஹோலிஸ் பாடினார். ஆராதனையில் அப்பம் பிட்பதற்கு முன்னால் நாங்கள் வாய் மூடி முனகுகிற பாட்டு. பாஸ், டெனர், ஆல்ட்டோ, பெண்களுக்கான மேல் குரல், நாலும் அவரே. வாரா வாரம் ஐந்தாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிற தொண்டை எனக்குத் தெரியாதா?

நல்ல பிறவியாக இருந்தால் தட்டை உறையில் போட்டுவிட்டு வாயை மூடியிருக்கும். நான் பேனாவைத் தேடினேன்.

'ஐயா, உங்கள் திபெத்து லாமா டெக்சஸில் கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்கிறார்' என்று லயலுக்கு எழுதினேன். தட்டை நாற்பத்தைந்தில் ஓடவிட்டுக் கேட்கச் சொல்லி, சபையின் விலாசத்தைக் கொடுத்தேன். 'ஞாயிறு காலை பத்து மணி. அனுமதி இலவசம். செருப்போடு வரலாம்.' கீழே 'லாமாவின் நண்பன்' என்று கையெழுத்துப் போட்டேன். தபால் பெட்டியில் போட்டபோது சிரிப்பில் வயிறு வலித்தது. இப்போது நினைத்தாலும் வலிக்கிறது, சிரிப்பால் அல்ல.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. பாட்டுக்கு முன்னால் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் ஒல்லி, மீசை, அவன்தான் லயல். இன்னொருவன் அவன் நண்பன் ஸ்டாஷ், குண்டு. இரண்டு நாள் கார் ஓட்டி வந்தவர்கள் எங்களுக்கு மரியாதையாகத் தோள்வரை இருந்த முடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார்கள். அவர்கள் கேலி செய்ய வரவில்லை என்று அந்த ஈர முடியைப் பார்த்ததுமே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

பிரதர் ஹோலிஸ் கண்ணை மூடினார். முனகினார்.

ஸ்டாஷ் எழுந்து நின்றுவிட்டான். "அவர்தான்! டேய் லயல், அவரேதான்டா!"

நூற்றிருபது தலைகள் அவன் பக்கம் திரும்பின. ஸ்டாஷின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. லயல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். பிரதர் ஹோலிஸ் பாட்டைத் தொடங்கினார். என் ஆயுளில் முதல் முறையாக அவர் கொடுத்த சுரம் கீழே இருந்தது.

ஆராதனை முடிந்து பின்பக்கம் பீக்கன் மரத்தடியில் சாப்பாடு. பொரித்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி. எங்கள் ஆட்கள் யாரையும் பட்டினி போட்டு விசாரிப்பதில்லை. தட்டை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் பிரதர் ஓடெல் கேட்டார்.

"தம்பி, எங்க பிரதரை உனக்கு எப்படித் தெரியும்?"

ஸ்டாஷுக்கு ஒளிக்கத் தெரியவில்லை. காரிலிருந்து இசைத்தட்டையே கொண்டுவந்து காட்டினான். உறையில் ஒரு கண், கண்ணுக்குள் ஒரு கண், அதற்குள் நெருப்போ துணியில்லாத பெண்ணோ ஏதோ ஒன்று.

"இவர் இல்லேன்னா எங்க பேண்டே இல்லைங்க. எங்களை மாதிரி எத்தனையோ பேண்டு! எல்லாரும் இவர் விரல் பட்ட இடத்துலதான் சுத்திட்டிருக்கோம்."

பிரதர் ஓடெல் உறையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "ஹோலிஸ், இது நீதானா?"

"நான்தான்."

"கிட்டாரோடயா?"

"கிட்டாருக்கு நடுவுல."

"நம்ம பாட்டையா?"

பிரதர் ஹோலிஸ் தலையாட்டினார். பிறகு லயலிடம் கேட்டார்: "நான் இங்க இருக்கேன்னு யார் தம்பி சொன்னா?"

லயல் சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். சபைக் கரும்பலகையில் வாரா வாரம் ஜெபத்துக்காக நோயாளிகளின் பெயரை எழுதுவது நான், என் எழுத்து அவருக்குத் தெரியும். ஏதோ ஒரு பழைய குறும்புக்குக் கிடைத்த தண்டனை அது. பிரதர் ஹோலிஸ் கடிதத்தைப் படித்தார். தலையைத் தூக்கவில்லை. நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "சாப்பிடுங்கப்பா, ஆறிடும்" என்றார்.

அன்று மதியம் மூப்பர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். பிரதர் ஹோலிஸ் மாலை ஆராதனையில் முன்னால் வர வேண்டும், இல்லையென்றால் இனிப் பாட்டெடுக்கக் கூடாது. எங்கள் வழக்கம் இது. பிரசங்கம் முடிந்ததும் ஒரு அழைப்புப் பாட்டு பாடுவோம். மனசில் பாரம் உள்ளவர் அந்தப் பாட்டு முடிவதற்குள் நடந்துபோய் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, தப்பை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதோடு தீர்ந்தது. மறுநாள் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேசினாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

மாலை ஆறு மணிக்குப் பையன்கள் இருவரும் கடைசி பெஞ்சில். அழைப்புப் பாட்டுக்கு எண்ணைச் சொன்னார் பிரதர் ஹோலிஸ். அது அழைப்புப் பாட்டே அல்ல. அந்த முனகல் பாட்டு. எல்லாரும் குழம்பிப் பக்கம் புரட்டினார்கள். சுரம் கொடுத்தார், கையசைத்தார், முதல் வரி எழுந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு இறங்கிப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பாட்டெடுக்கிறவரே போய் உட்கார்ந்ததை நாங்கள் பார்த்ததில்லை. பாட்டு தடுமாறியது. ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அப்போது பின்னாலிருந்து லயலும் ஸ்டாஷும் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டைத் தட்டில் இருக்கிற வேகத்தில்தான் பாடிப் பழக்கம். ஒவ்வொரு அடியும் கட்டைவிரலால் அழுத்தியது போல மெதுவாக, கனமாக. வேறு வழியில்லாமல் நூற்றிருபது பேரும் அவர்கள் பின்னால் போனோம். பிரதர் ஓடெல் உட்பட முழுச் சபையும் தன்னை அறியாமல் 'இமைக்குள் வான'த்தின் இரண்டாம் பக்கத்தைப் பாடிக்கொண்டிருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் பெஞ்சுக்கடியில் விழுந்து சிரித்திருப்பேன்.

பாட்டு முடிந்ததும் பிரசங்கியார் தப்பை எழுதித் தருவதற்கான அட்டையையும் பென்சிலையும் நீட்டினார். "நானே சொல்லிடறேன்" என்று பிரதர் ஹோலிஸ் எழுந்தார்.

"டல்லாஸ்ல ஒரு ஸ்டூடியோவுல டேப் மெஷின் ரிப்பேர் பண்ணிட்டிருந்தேன். அஞ்சு பசங்க வந்தாங்க. பாடறவன் தரையில படுத்து சீலிங்கோட பேசிட்டிருந்தான். டேப்ல நாலு நிமிஷம் சும்மா கிடந்துச்சு. யாராவது எதையாவது பண்ணுங்கடான்னு முதலாளி கத்தினார். எனக்குத் தெரிஞ்சது இந்தப் பாட்டுதான். ஒண்ணு மேல ஒண்ணா நாலு குரலும் நானே போட்டேன். என் குரல்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு டேப் சக்கரத்து மேல கட்டைவிரலை வச்சு மெதுவாக்கினேன்."

கடைசி பெஞ்சில் ஸ்டாஷ் "கட்டைவிரலா!" என்று மூச்சுவிட்டது கேட்டது. உலகம் முழுக்க வாளிக்குள் தலையை விட்டுத் தேடியது, ஒரு மனுஷர் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்ட சத்தம்.

"தேவனோட பாட்டை வாத்தியக்காரங்களுக்குக் கொடுத்தது தப்புன்னு ஒத்துக்கறீங்களா, பிரதர்?" என்றார் ஓடெல்.

"தப்புதான். ஆனா நான் முன்னால வந்தது அதுக்கு இல்ல." காதெல்லாம் சிவந்திருந்தது. "இங்க பாடறப்ப எப்பவும் யாராவது சுதி தப்புவாங்க. ஓடெல், நீங்க இருபது வருஷமா கீழதான் பாடறீங்க. அங்க நாலு பேரும் நானே. ஒருத்தனும் தப்பலை. எனக்கு யாருமே தேவைப்படலை. அந்த சந்தோஷம் மறக்கவே இல்ல. பதினோரு வருஷமா வாரா வாரம் உங்க முன்னாடி நின்னுட்டு, அந்த நாலு பேரைத்தான் கேட்டுட்டிருந்தேன். உங்களைக் கேட்கலை. மன்னிச்சிருங்க."

கடிதத்தைப் பற்றி இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பிரசங்கியார் ஜெபித்தார். வரிசையாகப் போய் எல்லாரும் அவரைக் கட்டிக்கொண்டார்கள். ஓடெல்தான் முதல் ஆள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

மூப்பர்கள் மறுபடி பாட்டெடுக்கச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "கொஞ்ச நாள் உங்க கூட உட்கார்ந்து பாடறேன்" என்றாராம். இப்போது ஓடெலின் மருமகன் பாட்டெடுக்கிறான். மூன்றாவது வரிக்குப் போவதற்குள் பெண்கள் ஒருவரையொருவர் பயத்தோடு பார்த்துக்கொள்கிறார்கள்.

பிரதர் ஹோலிஸ் உட்காருவது ஐந்தாவது பெஞ்ச். என் பக்கத்தில், நடைபாதை ஓரமாக. முதல் நாள் பாட்டுப் புத்தகத்துக்குள் கடிதத்தை வைத்து என் பக்கம் தள்ளினார்.

"இங்கிலீஷ்ல ரிப்பேருக்கு ஒரு 'p'தான் வரும், அம்மா" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. அவர் பாஸ் பாடினார், தலையைச் சாய்த்து, என் குரலையும் சுற்றிலும் இருந்தவர்களையும் கேட்டுக்கொண்டு. நான் தப்பாகப் பாடினால் தானும் கொஞ்சம் இறங்கி வந்து என்னோடு சேர்ந்துகொள்கிறார்.

இது பதினொன்றாவது ஞாயிறு. ஒவ்வொரு வாரமும் அழைப்புப் பாட்டு தொடங்கியதும், அவர் என்னைப் பார்க்காமல், அந்த நீண்ட முழங்கால்களை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்கிறார். நடைபாதைக்குப் போக ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடம். கடைசி அடி வரைக்கும் அப்படியே வைத்திருக்கிறார். நான் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த வரிகளைப் படிக்கிறேன். பாட்டு முடிகிறது. அவர் முழங்கால்களை நேராக்கிக்கொள்கிறார்.